பொனான்சாவை மீண்டும் எடுப்பதென்றால்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். புகழ்பெற்ற பழைய கௌபாய்த் தொடரை இன்று மீண்டும் எடுத்தால் அதன் தொனி கனமாக வேண்டுமா, பழைய கலகலப்பே போதுமா என்பது தலைப்பு. கனமாக வேண்டும் என்று வாதிட வந்திருக்கும் நான், 1959 முதல் 1973 வரை அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஓடிய 'பொனான்சா' ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று முறை மனைவியை இழந்த பென் கார்ட்ரைட், மூன்று தாய்மாருக்குப் பிறந்த அவருடைய மூன்று மகன்கள், நெவாடாவில் தஹோ ஏரியை ஒட்டிய பாண்டரோசா பண்ணை: இதுதான் கதை. அப்பாவும் பிள்ளைகளும் கொண்ட பாசமே அதன் உயிர், அதில் இருட்டைப் பூசாதீர்கள் என்றார் எதிரணித் தலைவர். பாசமே உயிர் என்பதை நானும் ஏற்கிறேன். அந்தப் பாசத்தைச் சோதிக்கக்கூடிய உண்மைகளைக் கதைக்குள் விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

1859-இல் அதே நெவாடாவின் வர்ஜீனியா சிட்டிப் பகுதியில் காம்ஸ்டாக் வெள்ளிப் படிவம் வெளிப்பட்டது. தாது இருந்த பாறை உறுதியற்றது என்பதால் சுரங்கங்கள் சரிந்தன. 1860-இல் பிலிப் டைடஸ்ஹைமர் என்ற பொறியாளர், பருத்த மரச்சட்டங்களைப் பெட்டி பெட்டியாகக் கோத்து அடுக்கித் தாங்கும் முறையை வகுத்தார். தொழிலாளரைக் காத்த அந்த முறையே காட்டையும் விழுங்கியது. நூற்றாண்டு முடிவதற்குள் தஹோ படுகையின் பெரும்பகுதி மொட்டையாகிவிட்டது. ஏரியையே தங்கள் வாழ்வின் நடுவாகக் கொண்டிருந்த வாஷோ பழங்குடி மக்கள் நிலமிழந்து நின்றார்கள். வடக்கே பிரமிட் ஏரியருகே அதே 1860-இல் பையூட் பழங்குடி மக்களுக்கும் குடியேறிகளுக்கும் போர் மூண்டது. இப்படிப்பட்ட மண்ணில், காட்டைக் கையில் வைத்திருக்கும் பென் மரத்தை விற்பாரா, மாட்டாரா? மூன்று மகன்களும் ஒரே பதிலைச் சொல்வார்களா? ஒரு பருவம் முழுவதற்கும் போதுமான கதை இந்த ஒரு கேள்வியிலேயே இருக்கிறதே!

இதையெல்லாம் நாங்கள் வெளியிலிருந்து திணிப்பதாக எதிரணியினர் சொல்ல முடியாது. டைடஸ்ஹைமரின் கதையை முதல் பருவத்திலேயே ஓர் அத்தியாயமாக எடுத்தார்கள். 1964-இல் வந்த அத்தியாயம் ஒன்றில், பாட வந்த கறுப்பினக் கலைஞரைத் தப்பியோடிய அடிமை என்று சந்தேகித்து ஊரார் சிறையில் தள்ளுகிறார்கள். கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த ஆண்டில் இதை வீடுதோறும் காட்டியது துணிவு என்றே நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். அடுத்த வாரம் அதன் வடுகூட இராது.

கார்ட்ரைட் வீட்டின் சீனச் சமையல்காரராக விக்டர் சென் யங் நடித்த ஹாப் சிங்கைப் பாருங்கள். அவர் கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போகிறேன் என்பார், நாம் சிரிப்போம். 13-ஆம் பருவத்தில் அவருக்கு ஒரு காதல் வருகிறது. வெள்ளைப் பெண்ணை மணக்கச் சட்டம் இடம் தராததால் அது முறிகிறது. பக்கத்துக் கலிபோர்னியாவிலோ, வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்லக்கூடாது என்று 1854-இலேயே அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்தச் சமையலறையில் நிற்பவர் ஒரு கொலையைக் கண்ணால் கண்டுவிட்டு, எந்த மன்றத்திலும் வாய் திறக்க முடியாமல் தவித்தால், அவருக்குச் சோறு போடும் பென் என்ன செய்வார்?

நடுவர் அவர்களே, அந்த அத்தியாயத்தை எழுதத் துணியும் தொடருக்கே தீர்ப்பளிக்கும்படி வேண்டி அமர்கிறேன்.