அந்த முட்டை எந்த நத்தையுடையது?

நேயர்களுக்கு வணக்கம். மழை பிடித்துவிட்டால் சேலத்தில் விலங்கியல் ஆசிரியர்களைத் தேடி இரண்டு கேள்விகள் வந்துவிடும். "சார், மீன் தொட்டியிலே கொழகொழன்னு என்னமோ ஒட்டிக்கிட்டிருக்கு, மீன் முட்டையா?" என்பது ஒன்று. "ரோஜாத் தொட்டியைக் கிளறினேன், மண்ணுக்குள்ளே வெள்ளை வெள்ளையா முட்டை, பாம்பு முட்டையா?" என்பது இன்னொன்று. பெரும்பாலும் இரண்டுமே நத்தை முட்டைதான். ஆனால் எந்த நத்தை என்று தெரிந்துகொள்ளாமல் அதை நசுக்கவும் வேண்டாம், வளர்க்கவும் வேண்டாம்.

முதலில் முட்டை இருக்கும் இடத்தைப் பாருங்கள். தண்ணீருக்குள்ளா, தண்ணீர் மட்டத்துக்கு மேலா, மண்ணிலா? இதற்குப் பதில் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

தண்ணீருக்குள், கண்ணாடியிலோ இலையின் அடியிலோ, தெளிவான பசைக் கட்டி ஒன்று. அதற்குள் பத்து இருபது புள்ளிகள். கட்டி வட்டமாக, தட்டையாக, லேசான பழுப்பு நிறத்தில் இருந்தால் அது ராம்ஸ்ஹார்ன் நத்தை இட்டது. நிறமே இல்லாமல் நீளவாக்கில் வளைந்திருந்தால் சாதாரணக் குளத்து நத்தை. கடையில் வாங்கிய செடியோடு வீட்டுக்கு வருபவை இவைதான். மீன் முட்டைக்கு இப்படி எல்லாவற்றையும் சேர்த்து மூடும் பசை உறை கிடையாது. ஏஞ்சல் மீன் இலையில் வரிசையாக ஒட்டி வைத்தாலும் ஒவ்வொரு முட்டையும் தனித்தனியாக நிற்கும். பக்கத்தில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். கப்பி, மோலி வளர்ப்பவர்களுக்கு இந்தச் சந்தேகமே வேண்டாம், அவை குட்டி போடுபவை.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பசைக் கட்டியை உடனே சுரண்டிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இலையோடு ஒரு கண்ணாடித் தம்ளரில் எடுத்து வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் வெறும் புள்ளிதான் தெரியும். சில நாளில் அந்தப் புள்ளி முட்டைக்குள்ளேயே மெல்ல உருள ஆரம்பிக்கும். அப்புறம் ஓட்டின் முதல் சுருள் தெரியும், இரண்டு கண் புள்ளிகள் தெரியும். ஓர் உயிர் உருவாவதை இவ்வளவு கிட்டத்தில், எந்த உயிரையும் அறுக்காமல் பார்க்கக் கிடைக்கிற வாய்ப்பு பள்ளிக்கூட ஆய்வகத்தில்கூட அரிது. நம் வீட்டுத் தொட்டியின் வெதுவெதுப்புக்கு ஓரிரு வாரத்தில் பொரித்துவிடும்.

சரி, நத்தை பெருகக் கூடாது என்றால்? கட்டியைப் பழைய ஏ.டி.எம். கார்டால் வழித்து எடுத்துவிடுங்கள். அதைவிட முக்கியம், தீனியைக் குறையுங்கள். மிஞ்சிய தீனிதான் நத்தைப் பெருக்கத்துக்கு மூலம். செம்பு கலந்த மருந்தை மட்டும் தொட்டியில் ஊற்றாதீர்கள். இறால் வைத்திருந்தால் அதுவும் சாகும். செத்த நத்தைகள் அழுகித் தண்ணீரைக் கெடுத்து மீனையும் கொல்லும்.

கட்டையிலும் கல்லிலும் சுரண்டினாலும் போகாத வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது நெரைட் நத்தையின் வேலை. அந்த முட்டைகள் நன்னீரில் வளராது, பயப்பட வேண்டாம். முட்டையே காணோம், ஆனால் மணலில் குட்டி நத்தைகள் ஊர்கின்றன என்றால் கூம்பு வடிவ ட்ரம்பெட் நத்தை. அது குட்டி போடும் இனம்.

தண்ணீர் மட்டத்துக்கு மேலே, தொட்டியின் மூடியை ஒட்டி, வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கொத்து இருந்தால் கவனிக்க வேண்டும். கடையில் மிஸ்டரி நத்தை என்று விற்கிற மஞ்சள் நத்தை இட்டது அது. தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. அதன் நெருங்கிய உறவு ஒன்று 1980-களில் பிலிப்பைன்ஸ் நெல்வயல்களுக்குள் புகுந்து இளம் நாற்றையெல்லாம் தின்று தீர்த்தது. அதனால் கொத்து வேண்டாம் என்றால் ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்துப் பிறகு குப்பையில் போடுங்கள். மூக்கனேரியிலோ பனமரத்துப்பட்டி ஏரியிலோ "உயிராச்சே, பிழைத்துப் போகட்டும்" என்று விடுவது புண்ணியம் ஆகாது. நம் வயல் நத்தைக்கு அது போட்டியாக வந்து நிற்கும். நம்முடைய வயல் நத்தையும் தண்ணீருக்கு வெளியேதான் முட்டையிடும். ஆனால் கரையோர ஈர மண் குழியில், வெள்ளையாக. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

இனி மண்ணுக்கு வருவோம். தொட்டி மண்ணில் இரண்டு மூன்று அங்குலத்தில், வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளையில், ஓடு கெட்டியான முட்டைகள் குவியலாகக் கிடைக்கின்றனவா? சேலத்துக்காரர்களுக்குச் சொல்வதென்றால், வேகாத பெரிய ஜவ்வரிசி மாதிரி இருக்கும். ஒவ்வொன்றும் நாலைந்து மில்லிமீட்டர், குவியலில் நூறுக்கு மேல் இருந்தால் ஆப்பிரிக்க ராட்சத நத்தை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 1847-இல் வில்லியம் பென்சன் என்ற வெள்ளைக்காரர் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் விட்டார் என்பது பதிவு. அன்று தொடங்கிய தொல்லை இன்று குடகுக் காப்பித் தோட்டம் வரை வந்திருக்கிறது. ஒரு தடவை இணை சேர்ந்தாலே போதும், பல தடவை முட்டையிடும்.

இதை வெறும் கையால் தொடாதீர்கள். நத்தையின் உடலில் மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் எலிப் புழு இருக்கக்கூடும். கையுறை போட்டு முட்டைகளை வாரிக் கொதிநீரில் கொட்டுங்கள். பெரிய நத்தைகளுக்கு, சாயங்காலம் ஈரக் கோணிச் சாக்கை விரித்து அடியில் பப்பாளி இலை வையுங்கள். விடிகாலையில் அங்கே வந்து அடைந்திருக்கும். செடி மேல் உப்பு போட்டால் மண் கெடும். விஷக் குருணை வாங்கி இறைத்தால் வீட்டு நாய் தின்று சாகும்.

ஓடில்லாத, நசுக்கென்ற, கண்ணாடி போன்ற முட்டைகள் தொட்டியின் அடியில் இருந்தால் அவை ஓடில்லா நத்தையுடையவை. சுவர் இடுக்கில் ஒன்றிரண்டாக, உருண்டையாகக் கெட்டியாக இருப்பது பல்லி முட்டை. உரக்கடையில் வாங்கிய மெதுவாகக் கரையும் உர உருண்டைகளைப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு. அவை எல்லாம் ஒரே அளவாக, மண் முழுக்கச் சிதறி இருக்கும்.

ஏற்காட்டுத் தோட்டக்காரர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். காப்பிச் செடியடிச் சருகில் கொஞ்சம் முட்டைகள் மட்டும், அவையும் மிகச் சிறியவையாகக் கிடந்தால், பெரும்பாலும் அது சேர்வராயன் மலையின் சொந்த நத்தை. சருகையும் பாசியையும் தின்று மண்ணுக்குத் திருப்பித் தருகிற உயிர். சருகை மறுபடி மூடிவிட்டு நகருங்கள். கோடை விழாவுக்கோ தோட்டத்துக்கோ கீழேயிருந்து பூந்தொட்டி ஏற்றுகிறவர்கள் அடிவாரத்திலேயே தொட்டியைச் சாய்த்து, வடிகால் துளையையும் மேல் மண்ணையும் ஒரு தடவை கிளறிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.