வெளிநாட்டுப் பணம் போனா வளர்ச்சி படுத்துடுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

மும்பை தாராவியில லெதர் பை தைச்சு ஏற்றுமதி பண்றவர் கேட்டிருக்காரு: "எஃப்ஐஐ (நம்ம பங்குச் சந்தையில பணம் போடுற வெளிநாட்டு நிறுவனங்க) வித்துட்டுப் போறான்னு தினம் நியூஸ்ல சொல்றாங்க. அந்தப் பணம் வந்தா நாடு வளருது, போனா படுத்துடுதா? இதுல எனக்கு என்ன?"

கடைசிக் கேள்வியிலிருந்தே வர்றேன். பணம் போறது இருக்கட்டும், வரும்போதே உங்களுக்கு அடி விழலாம். பத்தாயிரம் டாலர் ஆர்டர், டாலர் 85 ரூபான்னு வைங்க. எட்டரை லட்சம். தோல், ஜிப், கூலி போக அம்பதாயிரம் நிக்குது. வெளிநாட்டுப் பணம் கொட்டி, சந்தையில டாலர் மலிஞ்சு 80-க்கு இறங்கிட்டா கையில எட்டு லட்சம்தான். லாபம் மொத்தமும் போச்சு. நீங்க ஒரு தையல்கூடத் தப்பாப் போடல.

அதனாலதான் ஃபோர்ட்ல இருக்கிற நம்ம ரிசர்வ் பேங்க் வர்ற டாலரை வாங்கி வைக்குது. அதுக்குக் கொடுத்த ரூபா சந்தையில புரண்டா விலைவாசி ஏறும், அதனால பத்திரம் வித்து அதைத் திரும்ப உறிஞ்சணும். அந்தப் பத்திரத்துக்கு வட்டி அதிகம், வாங்கி வச்ச டாலர்ல வர்ற வட்டி பொதுவா குறைச்சல். வித்தியாசம் நாட்டுச் செலவு.

இப்ப, போற பணம். லிஸ்ட் ஆன கம்பெனியில வெளிநாட்டுக்காரர் 10 சதவீதத்துக்குக் கீழ வச்சிருந்தா அது எஃப்பிஐ (சந்தையில வாங்கி விக்கிற முதலீடு, நீங்க சொன்ன எஃப்ஐஐ இந்த வகைதான்), 10-ம் அதுக்கு மேலயும்னா நேரடி முதலீடு. பங்கை வித்துட்டுப் போறவன் இறங்குற விலையில விக்கிறான், அவனுக்கும் நஷ்டம்தான், ஆலை மூடாது. டாலர் கடன் அப்படியில்ல. 2013 மே மாசம் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் (அந்த நாட்டு மத்திய வங்கி) பத்திரம் வாங்குறதைக் குறைக்கலாம்னு கோடி காட்டுச்சு, அவ்வளவுதான். அங்க வட்டி ஏறும்னு இங்கிருந்த வெளிநாட்டுப் பணம் கிளம்புச்சு. 55 பக்கம் இருந்த டாலர் ஆகஸ்ட் கடைசியில 68-ஐத் தாண்டுச்சு. பத்து லட்சம் டாலர் கடன் வாங்கியிருந்தா, அசல் மட்டும் 5.5 கோடியிலிருந்து 6.8 கோடி. ரூபாயைத் தாங்க, பேங்குகளுக்குக் கொடுக்கிற அவசரக் கடன் வட்டியை ரிசர்வ் பேங்க் ஜூலையில 10.25 சதவீதத்துக்கு ஏத்துச்சு. டாலரைக் கண்ணால பார்க்காத கடைக்காரருக்கும் வட்டி ஏறுறது இந்த வழியிலதான், வளர்ச்சி அடி வாங்குறதும் இங்கதான். 2012-13-ல நடப்புக் கணக்குப் பற்றாக்குறை (ஏற்றுமதி, இறக்குமதி மாதிரி வரவு செலவுல நாடு சம்பாதிச்ச டாலரைவிடக் கூடுதலாச் செலவழிச்சது) ஜிடிபியில 4.8 சதவீதம். ஓட்டை அவ்வளவு பெருசா இருந்ததாலதான் ஒரு பேச்சுக்கே அந்த ஆட்டம்.

நேரடி முதலீட்டுலயும் தலைப்புச் செய்தித் தொகையை அப்படியே எடுத்துக்காதீங்க. 2024-25-ல வந்தது சுமார் 8,100 கோடி டாலர். பழைய முதலீட்டாளருங்க வித்து எடுத்துட்டுப் போனது, நம்ம கம்பெனிங்க வெளியே போட்டது, ரெண்டையும் கழிச்சா 100 கோடி டாலர்கூட மிஞ்சல. 2024 அக்டோபர்ல வந்த ஹூண்டாய் ஐபிஓவையே (கம்பெனிப் பங்கை முதல்முறையா பொதுமக்களுக்கு வித்தது) பாருங்க: ஏறக்குறைய 27,870 கோடி ரூபா, முழுக்கப் பழைய பங்கு, காசு கொரியத் தாய்க் கம்பெனிக்கு. ஆனா ஸ்ரீபெரும்புதூர் ஆலையும் அதைச் சுத்தி வந்த உதிரிபாகக் கம்பெனிங்களும் இங்கதான் ஓடுது. கணக்குல இது வெளியே போன பணம், ஊருல வேலை குறையல.

உங்க ஆர்டருக்கு வர்றேன். கன்ஃபர்ம் ஆன அன்னிக்கே பேங்க்ல ஃபார்வர்டு (பின்னால வரப்போற டாலரை இன்னிக்கே பேசின ரேட்டுக்கு விக்கிற ஒப்பந்தம்) போட்டு ரேட்டைப் பூட்டிடுங்க. புது பார்ட்டின்னா பாதித் தொகைக்கு மட்டும் போடுங்க. அவர் ஆர்டரை முறிச்சு, அந்த நேரம் டாலர் ஏறியிருந்தா, ஃபார்வர்டை முறிக்கிற நஷ்டம் உங்க தலையில.