சொதப்பிய அடிக்குத்தான் மார்க்: பட்டிமன்றத்தில் மன்னிப்பு அணியின் பேச்சு

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் கையைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கும் அண்ணனுக்கும், கேட்க வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்த ஒரு கால்ஃப் டிரைவரை எடைபோட முதலில் பார்க்க வேண்டியது தூரமா, மன்னிக்கும் குணமா? தூரமே என்று அண்ணன் முழங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். போகிற போக்கில் "மன்னிப்பு கேட்கிறவனுக்கெல்லாம் மைதானத்தில் என்ன வேலை?" என்று கேட்டு ஒரு கைதட்டும் வாங்கிக்கொண்டார். அவரை மன்னித்துவிட்டேன். எங்கள் அணிக்கு அதுதானே வேலை.

ஆடாதவர்களும் இங்கே இருப்பீர்கள். டிரைவர் என்பது பையில் இருக்கும் மட்டைகளில் பெரும்பாலும் நீளமானது, பெரிய தலை உள்ளது, டீ குச்சியில் பந்தை வைத்து முதல் அடிக்கு எடுப்பது. ஃபர்கிவ்னஸ், அதாவது மன்னிக்கும் குணம் என்று ஆட்டக்காரர்கள் எதைச் சொல்கிறார்கள் என்றால், பந்து மட்டையின் முகத்தின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் தூரமும் திசையும் எவ்வளவு கெடாமல் இருக்கின்றன என்பதைத்தான்.

இப்போது அண்ணன் வைத்த பெரிய சாட்சிக்கு வருகிறேன். புது டிரைவரில் பத்து பந்து அடித்தாராம், அதில் ஒன்று 265 கஜம் போனதாம், பழைய டிரைவரில் வாழ்நாளில் அப்படிப் போனதே இல்லையாம். சரி, சந்தோஷம். மீதி ஒன்பது பந்து எங்கே அண்ணே? அதைப் பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லை, நானும் குறுக்கே கேட்காமல் பொறுமையாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவரைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமை உண்டு, ஏனென்றால் நானும் அதே குழியில் விழுந்து எழுந்தவன். சில வருடம் முன்பு ஒரு லோ ஸ்பின் டிரைவரை, அதாவது பந்தின் சுழற்சியைக் குறைத்து அனுப்பும் ஒன்றை, வாங்கினேன். அடித்துப் பார்க்கும்போது ஒரே ஒரு பந்து, சத்தமே வேறு மாதிரி, திரையில் எண் ஏறிக்கொண்டே போனது, நான் அதற்குப் பிறகு எதையும் பார்க்கவில்லை, பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்த மாதிரிப் பந்து மைதானத்தில் எனக்கு எத்தனை முறை வந்தது தெரியுமா? பதினெட்டு குழி கொண்ட ஒரு ரவுண்டுக்கு ஒன்று, நல்ல நாளாக இருந்தால் இரண்டு. மற்றதெல்லாம் வலது பக்க மரங்களுக்குச் சொந்தம். எட்டு மாதத்தில் அதை விற்றுவிட்டு என் பழைய டிரைவருக்கே திரும்பினேன். ஒரு ரவுண்டில் டிரைவரைச் சுமார் பதினான்கு முறை எடுப்போம். அந்தப் பதினான்கில் ஒன்றுக்காகத்தான் நான் காசு கொடுத்திருக்கிறேன்.

இது என் கதை. இனி விதிப் புத்தகத்துக்குப் போவோம், அண்ணன் அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

டிரைவர் முகம் எவ்வளவு துள்ளலாம் என்பதற்கு கால்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யூஎஸ்ஜிஏ அமைப்புகள் இரண்டும் சேர்ந்து ஒரு கூரை போட்டிருக்கிறார்கள். ஊசல் ஒன்றின் நுனியில் இருக்கும் எஃகுக் குண்டை முகத்தில் மோதவிட்டு, அது எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்று அளப்பார்கள். 239 மைக்ரோ நொடி, சலுகையாக இன்னும் 18, ஆக 257. அதைத் தாண்டினால் போட்டியில் அந்த மட்டை செல்லாது. தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டர், அதற்கு மேல் 10 வரை சலுகை. நீளம் 48 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, 2022 முதல் பெரிய தொழில்முறைப் போட்டிகளில் 46 அங்குலம்தான். தயாரிப்பாளர்கள் எல்லோரும் இந்தக் கூரையில் தலை இடிக்கும் அளவுக்கு வந்து பல வருடம் ஆகிவிட்டது. எவ்வளவு நெருக்கமாக என்றால், 2019 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டிக்கு முன் நடந்த சோதனையில் அமெரிக்காவின் முன்னணி ஆட்டக்காரர் சாண்டர் ஷாஃப்லியின் டிரைவரே தேறவில்லை. அடிக்க அடிக்க முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் துள்ளல் கூடி எல்லையைத் தாண்டிவிடும், வேண்டுமென்றே யாரும் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை.

அப்படியென்றால் யோசித்துப் பாருங்கள். நடுமுகத்தில் பட்ட பந்துக்கு இந்த வருட டிரைவர் போன வருட டிரைவரைவிட எங்கிருந்து இருபது கஜம் கூடுதலாகக் கொண்டுவரும்? வராது. திரையில் கூடுதலாகத் தெரிந்தால் பெரும்பாலும் லாஃப்ட் (முகத்தின் சாய்வு) வேறு, ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) வேறு, நீளம் அரை அங்குலம் கூடுதல், அல்லது அன்றைக்கு அண்ணனுக்கு உற்சாகம் கூடுதல். நிறுவனங்கள் உண்மையிலேயே மூளையைச் செலவழிக்க இடம் இருப்பது நடுவில் படாத பந்தில்தான். அதற்கு மார்க் போடாமல் வேறு எதற்குப் போடப்போகிறோம்?

அது எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் 'மன்னிப்பு' என்றாலே விளம்பர வார்த்தை என்று நினைக்கிறவர்கள் அதிகம். பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது, டிரைவர் தலை 200 கிராம் அளவில் இருக்கும். இரண்டும் ஒட்டியிருப்பது ஒரு நொடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். அதற்குள், பந்து முகத்தின் வெளி ஓரத்தில், நாம் டோ என்று சொல்லும் பக்கத்தில் பட்டால் தலை பின்னால் திருகும். திருகுவதற்குப் போன சக்தி பந்துக்குப் போகாது, தூரம் குறையும். திருகலைத் தடுப்பதைத்தான் எம்ஓஐ என்ற எண்ணால் அளக்கிறார்கள். கயிற்றின் மேல் நடப்பவர் கையில் நீளக் கோலைப் பிடித்துக்கொள்கிறாரே, அதே சூட்சுமம். எடையை நடுவிலிருந்து தள்ளி ஓரங்களிலும் பின்பக்கத்திலும் வைத்தால் தலை சுலபத்தில் திரும்பாது, அதுவும் தூரம் இரண்டு மடங்கானால் அந்த எடையின் பலன் நான்கு மடங்கு. முகத்தையும் மேல்பாகத்தையும் மெல்லியதாக்கி, கார்பன் ஃபைபர் போட்டு, மிச்சப்பட்ட ஒவ்வொரு கிராமையும் பின்னால் கொண்டுபோய் வைப்பது இதற்காகத்தான்.

இதற்கும் விதியில் எல்லை இருக்கிறது, 5900 கிராம் சதுர சென்டிமீட்டர், சலுகை 100. "பத்தாயிரம் என்று விளம்பரம் செய்கிறார்களே, அது பொய்தானே?" என்று அண்ணன் கேட்டார். பொய் இல்லை அண்ணே. 2024-ல் பிங் ஜி430 மேக்ஸ் 10கே, டெய்லர்மேட் க்யூஐ10 மேக்ஸ் என்ற இரண்டு டிரைவர்களும் சொன்ன பத்தாயிரம், டோ-ஹீல் திருகலுக்கு (ஹீல் என்பது தண்டுப் பக்கத்து ஓரம்) ஒன்று, மேல்-கீழ் திருகலுக்கு ஒன்று என்று இரண்டு எண்களின் கூட்டுத்தொகை. எல்லை இருப்பது முதலாவதுக்குத்தான். கூட்டிச் சொன்னால் பெரிதாகக் கேட்கும் என்று கூட்டியிருக்கிறார்கள், அந்த அளவுக்கு வியாபாரத் தந்திரம் உண்டு என்பதை நானே ஒத்துக்கொள்கிறேன்.

பழைய கதை ஒன்றும் சொல்ல வேண்டும். "பீரங்கி மாதிரி அடிக்க வேண்டும்" என்றார் அண்ணன். பீரங்கியின் பெயரையே வைத்து 1991-ல் ஒரு டிரைவர் வந்தது, காலவே நிறுவனத்தின் பிக் பெர்த்தா. 190 கன சென்டிமீட்டர், இன்றைக்குப் பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும், அன்றைக்கு அது பூசணிக்காய். அது அப்படி விற்றதற்குக் காரணம் என்ன? பெரிய தலை, எங்கே பட்டாலும் ஓரளவுக்குப் போகிறது, சாதாரண ஆட்டக்காரனுக்கு டீயில் நிற்கும்போது இருந்த பயம் போனது. பெயர்தான் பீரங்கி, குணம் எங்கள் அணி.

கணக்குக்கு வருவோம். இது நானாகப் போட்ட கணக்கு, யாருடைய ஆய்வும் இல்லை. ஒருவர் பத்து பந்து அடிக்கிறார், நாலு நடுவில் படுகிறது, ஆறு ஓரத்தில். முதல் டிரைவரில் நாலும் 250 கஜம், ஆறும் 215. இரண்டாவதில் நாலும் 242, ஆறும் 230. சிறந்த பந்தை மட்டும் பார்த்தால் முதலாவது எட்டு கஜம் ஜெயிக்கிறது. சராசரியைப் போடுங்கள். முதலாவது 229, இரண்டாவது 234.8. தூரம், தூரம் என்று கத்துகிற அணிக்கே தூரம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது.

"நீளமாக அடிப்பவன் குறைவான அடியில் முடிக்கிறான், புள்ளிவிவரம் அப்படித்தான் சொல்கிறது" என்று அவர் சொன்னதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் அது ஒரு ரவுண்டு முழுக்க அடிக்கும் தூரத்தைப் பற்றிய பேச்சு. நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளும் அந்த ஒரு பந்தைப் பற்றியது இல்லை. அப்புறம், எல்லைக்கு வெளியே போன பந்துக்கு என்ன தண்டனை? ஒரு அடி அபராதம், மறுபடி அதே இடத்திலிருந்து அடிக்க வேண்டும், அதாவது டீயில் நின்றுகொண்டே மூன்றாவது அடி. 230 கஜம் பறக்கும் பந்து 3 டிகிரி விலகினால் 12 கஜம் தள்ளி விழும், 5 டிகிரி என்றால் 20 கஜம். கூடுதல் பத்து கஜத்தால் அடுத்த அடிக்கு ஒரு நம்பர் சின்ன மட்டை எடுக்கலாம், அவ்வளவுதான். அந்த இருபது கஜ விலகலில் பந்தே போய்விடும்.

எதிரணி சொன்னதில் எனக்கு உண்மையிலேயே உறைத்தது ஒன்று உண்டு. "ஸ்லைஸ் அடிக்கிறவனை எந்த டிரைவரும் காப்பாற்றாது" என்றார். ஸ்லைஸ் என்பது வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுவது. சரியான பேச்சு. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முடிவு செய்வது மோதும் நேரத்தில் முகம் எங்கே பார்க்கிறது என்பதுதான். முகத்தைத் திறந்து வைத்து அடித்தால், எம்ஓஐ எவ்வளவு இருந்தாலும் அது விசுவாசமாக நீங்கள் காட்டிய தப்பான திசைக்கே பந்தை அனுப்பும். ஃபர்கிவ்னஸ் மன்னிப்பது எங்கே பட்டது என்ற தப்பை மட்டும்தான், எப்படி வீசினீர்கள் என்ற தப்பை இல்லை. இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். எடையைப் பின்னால் தள்ளினால் ஸ்பின் கொஞ்சம் ஏறலாம், வேகமாக வீசுகிறவருக்குப் பந்து மேலே எழும்பி நின்றுவிடும். அவருக்கு லோ ஸ்பின் தலை பொருந்தலாம். அவர் மணிக்கு 115 மைல் வேகத்தில் வீசுகிறவர். நம்மில் எத்தனை பேர் அப்படி? கை தூக்குங்கள். அண்ணே, நீங்கள் தூக்காதீர்கள், உங்களோடு நான் ஆடியிருக்கிறேன்.

"ரோபோ வைத்து அடித்துப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்" என்றும் சொன்னார். ரோபோ சொன்ன இடத்தில் சொன்னபடி அடிக்கும். அதற்கு மன்னிப்பே தேவையில்லை.

அப்படியானால் புது டிரைவரை எப்படித்தான் பார்ப்பது? நான் செய்வதைச் சொல்கிறேன். பழைய டிரைவரையும் கூட எடுத்துப் போவேன், அதே நாள், அதே பந்து, முடிந்தால் அதே லாஃப்ட். முகத்தில் பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை லேசாக அடித்துவிட்டால் பந்து எங்கே பட்டது என்று வட்டமாகத் தெரியும். பதினைந்து பந்து, இரண்டையும் மாற்றி மாற்றி, ஏனென்றால் ஒன்றையே தொடர்ந்து அடித்தால் கடைசியில் வரும் மட்டைக்குக் களைத்த கைதான் கிடைக்கும். மிக முக்கியம், எந்தப் பந்தையும் அழிக்கக் கூடாது. பந்தின் வேகத்தையும் தூரத்தையும் அளக்கும் லாஞ்ச் மானிட்டர் முன்னால் நிற்கும்போது "இது கணக்கில் இல்லை, கால் வழுக்கிவிட்டது" என்று ஒன்றை அழிக்கச் சொல்வோம் பாருங்கள், மைதானத்தில் யாரிடம் போய் அழிக்கச் சொல்வது? எல்லாம் முடிந்தபின் மேலே இருக்கும் மூன்று பந்தையும் மறைத்துவிட்டு, கீழே இருக்கும் ஐந்தைப் பார்ப்பேன். எவ்வளவு தூரம் குறைந்தது, இடமும் வலமும் எவ்வளவு அகலத்துக்குச் சிதறியது. அந்த ஐந்தில் புது டிரைவர் ஜெயித்தால் வாங்கலாம். ஜெயிக்கவில்லை என்றால் பளபளப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டு வரலாம்.

சத்தம், நிறம், கையில் பிடித்தால் வரும் உணர்வு எல்லாம் இருக்கிறது. நடுவர் மணியைப் பார்ப்பதால் அதற்குள் போகவில்லை.

நடுவர் ஐயாவிடம் ஒரே ஒரு வேண்டுகோள். தீர்ப்பு சொல்வதற்கு முன் உங்கள் பையிலிருந்து அந்தப் பழைய டிரைவரை எடுத்து, முகத்தில் பெயின்ட் தேய்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணய அளவுக்கு நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் தீர்ப்பை அண்ணனுக்கே கொடுத்துவிடுங்கள், நான் மறுவார்த்தை பேச மாட்டேன். டோவிலிருந்து ஹீல் வரைக்கும் பரவலாகத் தேய்ந்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். வணக்கம்.