நிலத்துக்கு விலையே கிடையாது, அதனால் 50 வருடத்துக்கு மக்காச்சோளம்! நில இழப்பீட்டின் விசித்திரக் கணக்கு

(திரையில்: மலைகளுக்கு நடுவே பெரிய அணை)

ஒரு நாட்டில் அணை கட்டுவதற்காக மக்களின் வயல்களை எடுத்துக்கொண்டார்கள். பதிலுக்கு வருடா வருடம் மக்காச்சோளம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. எத்தனை வருடத்துக்கு என்று பேச்சு தெரியுமா? 50 வருடத்துக்கு. கதை விடுகிறேன் என்று தோன்றினால் வீடியோவை நிறுத்திவிட்டு லெசோத்தோ, கட்சே அணை என்று தேடிப் பாருங்கள். பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள், அதுதான் முக்கியம்.

முதலில் வரலாறு. சீக்கிரம் முடித்துவிடுகிறேன், யாரும் தள்ளிவிட்டுப் போக வேண்டாம். 1950களில் உலக வங்கிக் கடனோடு ஆப்பிரிக்காவில் கரிபா அணை கட்டப்பட்டது. சுமார் 57,000 டோங்கா மக்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். இப்படிப் பெயர்க்கப்படுகிறவர்களுக்கு என்ன செய்வது என்று உலக வங்கி முதன்முதலாகக் கொள்கை எழுதியது 1980இல்தான். மைக்கேல் செர்னியா என்ற சமூகவியலாளர் அதற்குப் பின்னால் இருந்தார். 1992இல் நர்மதையின் சர்தார் சரோவர் அணை பற்றி, வங்கியே அமைத்த மோர்ஸ் குழு கடுமையான அறிக்கை கொடுத்தது. அடுத்த வருடமே அந்த அணைக்கான வங்கிக் கடன் பாதியில் நின்றது. பெரிய அணைகளால் மட்டும் 4 கோடி முதல் 8 கோடி பேர் வரை இடம்பெயர்ந்திருக்கலாம் என்று உலக அணைகள் ஆணையம் 2000இல் சொன்னது. 2015இல் உலக வங்கித் தலைவரே, மறுகுடியமர்வில் எங்கள் பக்கம் பெரிய குறைகள் இருக்கின்றன என்று ஒப்புக்கொண்டார். 2018இல் புது விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. அவ்வளவுதான், வரலாறு முடிந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். நிலத்தை எடுக்கும்போது எவ்வளவு கொடுப்பது? பெரும்பாலான அரசு அலுவலகங்கள் கேட்கிற கேள்வி, "இந்த இடம் என்ன விலை போகும்?" பன்னாட்டு வங்கிகளின் விதி கேட்பது வேறு கேள்வி. "இந்தக் குடும்பம் இதே மாதிரி ஒன்றை மறுபடி உண்டாக்கிக்கொள்ள மொத்தம் எவ்வளவு செலவாகும்?" இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை, கணக்குப் போட்டுப் பார்த்தால் எங்கேயோ போய்விடும்.

பழைய பைக் விபத்தில் நொறுங்கிப் போனால் இன்சூரன்ஸ்காரர் முதலில் என்ன செய்வார்? தேய்மானத்தைக் கழிப்பார். திட்டத்துக்காக இடிக்கிற வீட்டுக்கு அந்தக் கழிவு கூடாது என்கிறது உலக வங்கி விதி. 40 வருடப் பழைய வீடாக இருக்கலாம், சுவரில் விரிசல் இருக்கலாம். புதிதாகக் கட்ட இன்றைக்கு என்ன ஆகுமோ அந்தத் தொகையைக் கொடுக்க வேண்டும். இடித்த வீட்டின் ஓடுகளையும் மரத்தையும் உரிமையாளரே எடுத்துக்கொண்டு போனாலும் அதன் மதிப்பைக் கழிக்கக் கூடாது. பதிவுக் கட்டணம் மாதிரியான செலவுகளும் சேரும். ஏன் இந்தத் தாராளம்? தாராளமே இல்லை. விரிசல் விட்ட வீட்டின் விலையைக் கையில் கொடுத்தால், விரிசல் விட்ட வீடு எங்கே விற்கிறது என்று அந்த மனிதர் தேடிக்கொண்டு போவாரா? அவருக்கு வேண்டியது வீடு. அதைக் கட்டத்தான் பணம்.

இப்போது மக்காச்சோளம். இந்த வீடியோவைப் போட்டதே இதற்காகத்தான், கொஞ்சம் நீட்டிப் பேசப் போகிறேன்.

(திரையில்: தென்னாப்பிரிக்கா சூழ நடுவில் லெசோத்தோ, வரைபடம்)

லெசோத்தோவைச் சுற்றி நாலு பக்கமும் தென்னாப்பிரிக்காதான். அங்கே மலை, தண்ணீர் நிறைய. தென்னாப்பிரிக்காவில் தொழில் நகரங்கள், தாகம் நிறைய. இரண்டு நாடுகளும் 1986இல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு மலையில் அணைகள் கட்டித் தண்ணீரைத் திருப்பின. கட்சே அணை மட்டும் 185 மீட்டர் உயரம். பாதிக்கப்படும் மக்களின் வாழ்க்கைத் தரம் முன்பு இருந்ததைவிடக் குறையக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். எழுதிவிட்டார்கள், ஆனால் எப்படிக் கணக்குப் போடுவது? லெசோத்தோவில் நிலம் ஒட்டுமொத்தத் தேசத்துக்கும் சொந்தம். குடும்பத்துக்குப் பயிர் செய்யும் உரிமை உண்டு, விற்கும் உரிமை கிடையாது. விற்பனையே இல்லாத இடத்தில் சந்தை விலை எங்கிருந்து வரும்?

அப்புறம் ஒரு எளிய யோசனை வந்தது. வயல் வருடா வருடம் என்ன கொடுத்தது? மக்காச்சோளம், கொஞ்சம் பருப்பு வகை. அப்படியென்றால் அதையே வருடா வருடம் கொடுத்துவிடுவோம். பணமாக வேண்டும் என்கிறவர்களுக்கு வருடத் தவணையாகப் பணம். ஆரம்பத்தில் 15 வருடத்துக்குத்தான் என்றார்கள். வயல் என்ன 15 வருடத்தில் தீர்ந்துபோகிற பொருளா? பிறகு அதை 50 வருடமாக நீட்டினார்கள்.

எனக்கு இந்த யோசனை மிகவும் பிடித்திருக்கிறது. நிலத்தைக் கொடுத்து மொத்தமாகப் பணம் வாங்கியவர்களின் கதை உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். கடன் அடைபடும், ஒரு கல்யாணம் நடக்கும், ஒரு வண்டி வாங்குவார்கள், கொஞ்ச காலத்தில் கை காலியாகிவிடும். உடனே "இந்த மக்களுக்குப் பணத்தை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை" என்று ஒருவர் தீர்ப்புச் சொல்வார். ஐயா, மாதச் சம்பளக்காரரிடம் 30 வருடச் சம்பளத்தை ஒரே நாளில் கொடுத்து, இனி ஒன்றும் கிடையாது என்று சொல்லிப் பாருங்கள், அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். அதோடு பணம் யார் பெயரில் வருகிறது, யார் கைக்குப் போகிறது என்ற சண்டை வேறு. தானிய மூட்டை வந்தால் அது நேரே அடுப்படிக்குப் போகும். விலைவாசி ஏறினாலும் ஒரு மூட்டை ஒரு மூட்டைதான்.

ஆனால் நடந்ததைப் பார்த்தால் உற்சாகம் கொஞ்சம் இறங்கும். தானியம் நேரத்துக்கு வரவில்லை, தரம் சரியில்லை என்ற புகார்கள் எழுந்தன. நேற்றுவரை தானே விதைத்து அறுத்தவர் லாரி எப்போது வரும் என்று பாதையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. பள்ளத்தாக்கில் சும்மா கிடைத்த கீரை, மூலிகை, விறகு இதெல்லாம் எந்த மூட்டைக்குள்ளும் வராது. இடம்பெயர்கிறவர்களுக்கு வரும் என்று செர்னியா சொன்ன எட்டு ஆபத்துகளில் இதுவும் ஒன்று. நிலம், வேலை, வீடு போவதைப் போலவே பொதுச் சொத்தின் பயன் போவதும் குடும்பத்தை வறுமையில் தள்ளும். 51ஆவது வருடம் பேரப்பிள்ளை என்ன செய்வான் என்ற கேள்விக்கும் அந்த ஏற்பாட்டில் பதில் இல்லை. கொசுறுத் தகவல் ஒன்று: இதே திட்டத்தை நடத்திய ஆணையத்தின் தலைவர், பன்னாட்டு ஒப்பந்தக் கம்பெனிகளிடம் லஞ்சம் வாங்கியதாக 2002இல் தண்டனை பெற்றார். மூட்டைக்குக் கணக்குப் பார்த்த திட்டத்தில் இதற்கு யார் கணக்குப் பார்த்தார்களோ!

வருடத் தவணையா, மொத்தப் பணமா, மாற்று நிலமா? நிலத்தை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு முடிந்தவரை நிலத்துக்கு நிலம் என்பதுதான் உலக வங்கி விதியில் முதல் விருப்பம். நீங்களாக இருந்தால் எதைக் கேட்பீர்கள்? கமெண்டில் போடுங்கள், ஒரு வரியில் காரணத்தோடு.

பத்திரம், பட்டா எதுவுமே இல்லாதவருக்கு? நிலத்துக்குப் பணம் கிடையாது. ஆனால் அவர் கட்டிய குடிசைக்கு, கடைக்கு உண்டு, வேறு இடத்தில் காலூன்ற உதவியும் உண்டு. "ஆக்கிரமிப்பாளர், கிளம்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

அதற்கு ஒரு நிபந்தனை, கட்-ஆஃப் தேதி. அந்தத் தேதிக்குப் பிறகு வந்து குடியேறியவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். இழப்பீடு வருகிறது என்ற செய்தி கசிந்ததும் ஒரே ராத்திரியில் குடிசைகள் முளைக்கும் என்பதால் இந்த விதி. நியாயம்தான். யாரும் பேசாத மறுபக்கம் என்னவென்றால், தேதியை அறிவித்துவிட்டு திட்டம் வருடக்கணக்காக இழுக்கும். இனிமேல் கட்டுவதற்கு இழப்பீடு கிடைக்காது என்று தெரிந்த பிறகு யார் கூரை மாற்றுவார்கள்? யார் மரம் நடுவார்கள்? நிலத்தை எடுக்கிறவன் வருவதற்கு முன்பே ஊர் பாழடையத் தொடங்கிவிடும். என்னைக் கேட்டால், தாமதமாகும் ஒவ்வொரு வருடத்துக்கும் தனியாக இழப்பீடு இருக்க வேண்டும்.

விதியை மீறினால் யாரிடம் போவது? உலக வங்கியில் 1993இல் ஒரு ஆய்வுக் குழு ஏற்படுத்தினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர் சேர்ந்தாலே புகார் கொடுக்கலாம். முதல் புகார் நேபாளத்தின் அருண்-3 மின்திட்டம் பற்றியது, 1995இல் வங்கி அதிலிருந்து விலகியது.

நீதிமன்றத்துக்கே போகலாமா? இதுதான் எனக்குப் பிடித்த திருப்பம். குஜராத்தின் முந்த்ராவில் 2008இல் பன்னாட்டு நிதிக் கழகம் (தனியார் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் உலக வங்கிக் குழும நிறுவனம்) 45 கோடி டாலர் கடன் கொடுத்த அனல்மின் நிலையத்தால் தங்கள் பிழைப்பு கெட்டது என்று மீனவர்களும் விவசாயிகளும் அமெரிக்கா வரைக்கும் போய் வழக்குப் போட்டார்கள். எங்கள் மேல் வழக்கே போட முடியாது, எங்களுக்கு முழு விலக்கு உண்டு என்றது கழகம். 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-1 என்று தீர்ப்பளித்தது: அப்படி முழு விலக்கு கிடையாது! கைதட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். வழக்கு மறுபடி கீழ் நீதிமன்றத்துக்குப் போனது. இந்த வழக்குக்கு அடிப்படையான செயல் அமெரிக்காவில் நடக்கவில்லை என்று சொல்லி அங்கே தள்ளுபடி செய்தார்கள். 2022இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைக் கேட்கவே மறுத்தது. வழக்குப் போடலாம் என்பது வரைக்கும் ஜெயித்தார்கள், இழப்பீடு வரவில்லை.

அதனால் இப்போதைக்குக் கையில் இருக்கிற வழி முன்பு சொன்ன ஆய்வுக் குழு மாதிரியான புகார்க் குழுதான். உலக வங்கித் திட்டம் என்றால் திட்டக் கணக்கு மூடி 15 மாதம் வரைக்கும்தான் புகாரை எடுத்துக்கொள்வார்கள். இப்படி ஒரு திட்டத்தில் நிலம் போகிறவர் உங்களுக்குத் தெரிந்து யாராவது இருந்தால், மற்றதெல்லாம் விட்டுவிடுங்கள், இந்த 15 மாதக் கணக்கை மட்டும் அவருக்கு அனுப்பிவிடுங்கள்.