அடுத்த வாரம் என்ன படம்?

நேயர்களுக்கு வணக்கம்.

கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று பருவந்தோறும் ஒரு படவரிசையை அறிவித்து, வாரம் ஒரு மாலை திரையிடும் தியேட்டர்கள் இருக்கின்றன. பட்டியல் கைக்கு வந்ததும் பெயர் தெரிந்த படம் எது என்று தேடி, அந்த ஒரு நாளை மட்டும் குறித்துக்கொள்கிறவர்கள்தான் நம்மில் அதிகம். முடிந்தவரை எல்லா வாரமும் போங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இன்று வந்திருக்கிறேன். எந்தப் படத்துக்குப் பின்னால் எதை வைப்பது என்று ஒருவர் மண்டையை உடைத்துக்கொண்டுதான் அந்தப் பட்டியலைத் தயாரித்திருப்பார்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒலி வந்த புதிதில் எடுத்த படத்தைத் தனியாகப் பார்த்தால், 'பழைய படம், மந்தமாக இருக்கிறது' என்று எழுந்து போய்விடத் தோன்றும். முந்தைய வாரம் ஒரு நல்ல ஊமைப்படத்தைப் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள். அதில் தாராளமாக நகர்ந்த கேமரா இதில் சட்டென்று நின்றுபோயிருப்பது கண்ணில் படும். கேமராவின் இரைச்சல் பதிவாகிவிடக் கூடாது என்று அதை ஒரு கூண்டுக்குள் அடைத்திருந்தார்கள். மைக்கை விட்டு விலக முடியாமல் நடிகர்கள் ஒரே இடத்தில் நின்று பேசினார்கள். இது தெரிந்துவிட்டால் அந்த மந்தமே சுவாரசியமாகிவிடும். எனக்கு இன்றும் அலுக்காத ஜோடி அது.

பாரிஸில் ஆன்ரி லாங்லுவா இப்படிப் படங்களை அடுக்கும் வேலையை ஒரு கலையாகவே செய்தார். 1936-இல் ஜார்ஜ் ஃப்ரான்ஜுவோடு சேர்ந்து சினிமாத்தெக் ஃப்ரான்சேஸ் என்ற திரைப்படக் காப்பகத்தைத் தொடங்கியவர் அவர். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாததுபோலத் தோன்றும் படங்களை ஒரே மாலையில் அடுத்தடுத்துப் போடுவார். அங்கே உட்கார்ந்து பார்த்த இளைஞர்களில், பின்னாளில் பெயர்பெற்ற இயக்குநர்களான த்ரூஃபோவும் கொதாரும் ரிவெத்தும் உண்டு. நியூயார்க்கில் ஆமோஸ் வோகலும் அவர் மனைவி மார்சியாவும் 1947 முதல் 1963 வரை நடத்திய 'சினிமா 16' அமைப்பில், ஓர் அறிவியல் குறும்படத்தின் பக்கத்திலேயே ஒரு பரிசோதனைப் படம் ஓடும். அதே 1947-இல்தான் சத்யஜித் ராயும் நண்பர்களும் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். ராயின் முதல் படம் வெளிவந்தது 1955-இல். அதற்கு முன் அத்தனை ஆண்டுகள் அவர் பார்த்துக்கொண்டும் விவாதித்துக்கொண்டும் இருந்தார்.

சரி, தியேட்டர் பக்கம் வருவோம். ஒரு படத்தைக் காட்டும் உரிமையை வாங்குவதே பெரிய வேலை. டிவிடி கையில் இருக்கிறது என்பதற்காகப் பொதுவில் திரையிட்டுவிட முடியாது. இப்போது படங்கள் பெரும்பாலும் டிஜிட்டல் கோப்பாக வருகின்றன. பூட்டிய கோப்பாக இருந்தால், குறிப்பிட்ட கருவியில் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் திறக்கும் சாவியைத் தனியே அனுப்புவார்கள்.

அப்புறம், படத்தை அதன் வேகத்திலும் வடிவத்திலும் காட்ட வேண்டும். இதில் நான் கறாரானவன். ஒலிப்படங்களுக்கு விநாடிக்கு 24 பிரேம் என்று நிலைத்துவிட்டது. ஊமைப்படங்களில் வேகம் படத்துக்குப் படம் மாறும். 16, 18, 20 என்றெல்லாம் இருக்கும். 16-இல் எடுத்ததை 24-இல் ஓட்டினால் மனிதர்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள், துக்கக் காட்சிக்குக்கூட அரங்கம் சிரித்துவிடும். பழைய படங்களின் சட்டகம் ஏறத்தாழ நாலுக்கு மூன்று, அதாவது அகலம் நாலு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. அகலத்திரையை நிரப்புவதற்காக அதை இழுத்தால் முகங்கள் உப்பிவிடும், மேலேயும் கீழேயும் வெட்டினால் தலை போகும். இரண்டு ஓரமும் கறுப்பாக விட்டிருந்தால் ஆபரேட்டர் சரியாகச் செய்திருக்கிறார் என்று பொருள். குறை சொல்லாதீர்கள்.

வரிசையின் நடுவில் யாரும் கேள்விப்படாத ஒரு படம் இருக்கும். அன்றைக்குக் கூட்டம் குறையும். ஏற்பாட்டாளர் ஆசைப்பட்டு, போராடி வாங்கிய படம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அன்றைக்கு அவசியம் போங்கள். முடிந்ததும் கிளம்பிவிடாமல் அவரைத் தேடிப்போய், 'இதை ஏன் இந்த இடத்தில் வைத்தீர்கள்?' என்று கேளுங்கள். பிடிக்கவில்லையா, அதையும் சொல்லுங்கள். அடுத்த பருவத்தின் பட்டியலை அவர் இப்போதே எழுத ஆரம்பித்திருப்பார்.

நன்றி, வணக்கம்.