துடைப்பக்கட்டையா டெவான்டா ஸ்மித்?

நடுவர் அவர்களே, இரண்டு அணித் தோழர்களே, சனிக்கிழமை மாட்ச்சைக்கூட விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

தலைப்பு தெரியும். அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழக அணியில், பந்தைக் கையால் எறிந்து பிடித்து ஆடும் அமெரிக்க ஃபுட்பாலில், எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவராக டெவான்டா ஸ்மித் எடுத்த பெயருக்குக் காரணம் ஆளா, அணியா? நான் ஆள் பக்கம். குறிப்பு நிறையவே எழுதி வந்திருக்கிறேன், ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "நிக் சேபன் கோச்சாக இருந்த அணியில் ஒரு துடைப்பக்கட்டையை நிறுத்தியிருந்தாலும் அதுவும் டச் டவுன் போட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார், நீங்களும் கைதட்டினீர்கள். (டச் டவுன் என்றால் பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி ஆறு புள்ளி எடுப்பது.) அதற்குப் பதில் சொல்லாமல் நான் குறிப்பைத் திறக்கப்போவதில்லை.

சரி, அவருடைய துடைப்பக்கட்டையையும் கூட்டிக்கொண்டு 2018 ஜனவரி 8ஆம் தேதி அட்லாண்டாவுக்குப் போவோம். தேசிய சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். எதிரே ஜார்ஜியா, அரங்கம் இருப்பதும் ஜார்ஜியாவில். பாதி ஆட்டத்தில் 13-0, அலபாமா பக்கம் முட்டை. சேபன் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கையே மாற்றி டுவா டாகோவைலோவா என்ற முதலாண்டுப் பையனை இறக்குகிறார். அவன் இழுத்துப் பிடித்து 20-20க்குக் கொண்டுவருகிறான். கடைசி நொடியில் ஒரு உதையில் ஜெயித்திருக்கலாம், அதுவும் வெளியே போய்விட்டது. ஓவர்டைம். ஜார்ஜியா 51 யார்ட் தூரத்திலிருந்து உதைத்து மூன்று புள்ளி எடுக்கிறது, 23-20. இப்போது அலபாமாவின் முறை, முதல் முயற்சியிலேயே டுவாவை 16 யார்ட் பின்னால் தள்ளி அமுக்கிவிடுகிறார்கள். நான்கு முயற்சிக்குள் பத்து யார்ட் போக வேண்டிய இடத்தில், இப்போது இரண்டாவது முயற்சி, இருபத்தாறு யார்ட். அலபாமாக்காரர் யாரிடமாவது "செகண்ட் அண்ட் 26" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், மீதிக் கதையை அவர் சொல்லி முடித்த பிறகுதான் உங்களை வீட்டுக்கு விடுவார்.

டுவா கண்ணை வேறு பக்கம் காட்டுகிறான், தடுப்பாளர் அதை நம்பி ஒரு நொடி தயங்குகிறார், இடது ஓரமாக ஒரு ஒல்லிப்பையன் ஓடிக்கொண்டே இருக்கிறான். பந்து வருகிறது. 41 யார்ட். டச் டவுன், 26-23, சாம்பியன்!

இதை எல்லோரும் டுவாவின் கதையாகத்தான் சொல்கிறார்கள். இன்னொரு முறை சொல்கிறேன், இப்போது பிடித்தவன் பக்கம் நின்று. அந்த சீசன் முழுக்க ஸ்மித் பிடித்த பந்து மொத்தமே எட்டு. எட்டாவது இதுதான். மாதக்கணக்கில் ஓடியிருக்கிறான், பந்து பெரும்பாலும் வேறு யாருக்கோ போயிருக்கிறது. சற்று முன்புதான் 16 யார்ட் பறிபோயிருக்கிறது, எதிர்க்கூட்டம் கொண்டாட ஆரம்பித்துவிட்டது. அப்போதும் அந்தப் பையன் தனக்குத்தான் வரப்போகிறது என்பதுபோல முழு வேகத்தில் ஓடினான். நண்பரே, உங்கள் துடைப்பக்கட்டை ஓடியிருக்குமா?

அணி பெரிய அணிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. சேபன் அங்கே ஆறு முறை சாம்பியன் ஆனவர். ஆனால் பெரிய அணியில்தான் வரிசை நீளம், ஐயா! ஸ்மித்தோடு சேர்ந்த ஜெரி ஜூடி, ஹென்றி ரக்ஸ், அடுத்த வருடம் வந்த ஜெய்லன் வாடில், மூவரும் பிறகு என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக் ஆள் எடுக்கும்போது முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவர்கள். இவர்களுக்கு நடுவில் நின்று 2019இல் 1,256 யார்ட், அணியிலேயே அதிகம். ஜூடியும் ரக்ஸும் போய்விட்டார்கள், இவனும் போயிருக்கலாம், படிப்பை முடிக்கிறேன் என்று தங்கினான். 2020 அக்டோபரில் வாடிலுக்குக் கணுக்கால் முறிந்தது. அதன்பிறகு பந்து யாரிடம் போகும் என்று எதிரணிக்கு மட்டுமில்லை, கேலரியில் பாப்கார்ன் சாப்பிடும் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லையே! அந்த சீசனில் 117 பந்து, 1,856 யார்ட், பிடித்து அடித்த டச் டவுன் 23. 1991இல் டெஸ்மண்ட் ஹோவர்டுக்குப் பிறகு எந்த ரிசீவருக்கும் கிடைக்காத, கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை இவனுக்குக் கிடைத்தது. வாங்கிய ஆறாம் நாள் ஒஹாயோ ஸ்டேட்டோடு இறுதி ஆட்டம், முதல் பாதியிலேயே 12 பந்து, 215 யார்ட், மூன்று டச் டவுன். இரண்டாம் பாதி தொடங்கியதும் விரல் பிசகி வெளியேறிவிட்டான், அதற்குள் செய்யவேண்டியதைச் செய்து முடித்திருந்தான்.

நடுவர் அவர்களே, புள்ளிவிவரத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். துடைப்பக்கட்டை என்றபோது கூட்டம் ஏன் சிரித்தது? அவன் ஒல்லி என்பதால். என்எஃப்எல்லுக்குப் போகும்முன் எடுத்த எடை 166 பவுண்டு, அதாவது 75 கிலோ. நூறு கிலோ ஆட்கள் மோதும் ஆட்டத்தில் இந்த உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்று லூசியானாவின் அமீட் என்ற சின்ன ஊரிலிருந்து கிளம்பிய நாளிலிருந்தே கேட்டிருக்கிறார்கள். ஹைஸ்மன் வாங்கிய இரவில் அவன் தன்னைப்போல உடம்பு சிறுத்த பிள்ளைகளை நினைத்துப் பேசினான், முடியாது என்று யார் சொன்னாலும் விடாதீர்கள் என்றான். 2025 பிப்ரவரியில் அதே லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸில், என்எஃப்எல் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில், ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்காக 46 யார்ட் பந்தைப் பிடித்து டச் டவுன் போட்டான். அங்கே சேபனும் இல்லை, அலபாமாவும் இல்லை.

இந்த அரங்கத்திலும் எத்தனை அம்மாக்கள் இருக்கிறீர்கள், "சாப்பிடவே மாட்டேங்கிறான், எலும்பும் தோலுமா இருக்கான், இவனை யார் டீமில் சேர்ப்பாங்க" என்று கவலைப்படுகிறவர்கள்? அந்தப் பையன்களும் இங்கேதான் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், துடைப்பக்கட்டை என்ற வார்த்தை அவர்கள் காதிலும் விழுந்தது. அணியால்தான் எல்லாம் என்று அவர்கள் கேட்க நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள், நடுவர் அவர்களே. எங்கள் பக்கம் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.