ஒரே ஒரு எம்.எல்.ஏ. முதலமைச்சர் ஆனது எப்படி? தொங்கு சபையின் பேரக் கணக்கு

2006 செப்டம்பர். ஜார்க்கண்ட் மாநிலம். 81 பேர் கொண்ட சட்டப்பேரவை. அதில் ஒருவருக்குக் கட்சி கிடையாது, கொடி கிடையாது, தலைமை அலுவலகம் கிடையாது. முந்தைய வருடத் தேர்தலில் பாஜக சீட் கொடுக்காததால் சுயேச்சையாக நின்று ஜெயித்தவர். அவர் முதலமைச்சராகப் பதவியேற்கிறார். 30 எம்.எல்.ஏ.க்களை வைத்திருந்த பாஜக எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறது.

அவர் பெயர் மது கோடா. கிட்டத்தட்ட இரண்டு வருடம் அந்த நாற்காலியில் இருந்தார்.

வணக்கம். யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காத சபையில் கதவைச் சாத்திக்கொண்டு என்ன பேசுவார்கள், எதைக் கேட்பார்கள், யார் யாரை ஏமாற்றுவார்கள் என்பதுதான் இன்றைய வீடியோ. பாதிக்கு மேல் ஓர் இடமாவது வேண்டும், அதற்குப் பெயர் பெரும்பான்மை, அது யாருக்கும் கிடைக்காவிட்டால் தொங்கு சபை. பாடப்புத்தகப் பகுதி முடிந்தது.

[திரையில்: 49 – 49 – 2]

100 இடங்கள் உள்ள ஒரு சபை. ஒரு கட்சிக்கு 49, இன்னொன்றுக்கு 49, மூன்றாவதுக்கு 2. ஆட்சிக்கு 51 வேண்டும். யாருக்கு அதிக பலம்?

49 என்று சொல்லியிருப்பீர்கள். இப்போது கூட்டிப் பாருங்கள். இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்தால் ஆட்சி. முதல் கட்சியும் குட்டிக் கட்சியும் சேர்ந்தாலும் ஆட்சி. இரண்டாவதும் குட்டியும் சேர்ந்தாலும் ஆட்சி. எந்த இரண்டு சேர்ந்தாலும் போதும், தனியாக எதுவும் போதாது. அப்படியென்றால் மூன்றுக்கும் பலம் ஒன்றுதான். தெருத்தெருவாக அலைந்து 49 இடம் பிடித்தவருக்கு வயிறு எரியும். எரியட்டும், கணக்கு மாறாது.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. குட்டிக் கட்சிக்கு இரண்டு வீட்டுக் கதவும் திறந்திருக்க வேண்டும். 'அந்தக் கட்சியோடு ஜென்மத்துக்கும் சேர மாட்டோம்' என்று மேடையில் மைக்கைப் பிடித்து முழங்கிவிட்டால், இரண்டு சீட்டின் விலை அன்றைக்கே பாதி. அதனால்தான் சில சின்னக் கட்சித் தலைவர்கள் தேர்தல் முடியும் வரை யாரையும் ரொம்பத் திட்ட மாட்டார்கள். பண்பு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

மது கோடாவுக்கு இரண்டு கதவும் திறந்திருந்தன. பாஜகவின் அர்ஜுன் முண்டா அமைச்சரவையில் அவரே சுரங்கத் துறை அமைச்சர். அவரும் இன்னும் சில சுயேச்சைகளும் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். முண்டா அரசு கவிழ்ந்தது. எதிர்ப்பக்கம் ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா, காங்கிரஸ், ராஷ்டிரிய ஜனதா தளம். இந்தச் சுயேச்சைகள் இல்லாமல் அவர்களாலும் 41-ஐத் தொட முடியாது. இப்படி ஒரு நிலையில் இருப்பவர் 'எனக்கு நல்ல துறையாகப் பார்த்துக் கொடுங்கள்' என்று கேட்பாரா, நாற்காலியையே கேட்பாரா?

ஒரே கதவுதான் என்றாலும் பேரம் பேச வழி இருக்கிறது: எங்கேயும் போகாமல் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடலாம். 2017-இல் பிரிட்டனில் தெரசா மேயின் கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் பெரும்பான்மை கைநழுவியது. வட அயர்லாந்தின் டியூபி கட்சியிடம் இருந்தது 10 எம்.பி.க்கள். அவர்கள் அமைச்சர் பதவி கேட்கவில்லை. நம்பிக்கை வாக்கெடுப்பு, பட்ஜெட் இரண்டிலும் கைதூக்குகிறோம், எங்கள் பகுதிக்குக் கூடுதல் நிதி கொடுங்கள் என்றார்கள். கிடைத்தது 100 கோடி பவுண்டு. பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள், தலைக்கு 10 கோடி. பணம் அவர்கள் பைக்குப் போகவில்லை, வட அயர்லாந்தின் சாலைக்கும் மருத்துவமனைக்கும் இன்ன பிறவற்றுக்கும் போனது. இருந்தாலும் அந்தக் கைகள் உலகத்திலேயே விலை உயர்ந்த கைகளில் சேர்த்திதான்.

சரி, யாரை முதலில் அழைப்பது? அதிக இடம் பிடித்த கட்சியை என்று நினைப்போம். 2017-இல் கோவாவில் 40-க்கு 17 பிடித்த காங்கிரஸும் அப்படித்தான் நினைத்தது. 13 பிடித்த பாஜக அதற்குள் சின்னக் கட்சிகளையும் சுயேச்சைகளையும் சேர்த்துக்கொண்டு ஆளுநர் முன்னால் போய் நின்றது, மனோகர் பாரிக்கர் முதல்வரானார். முதலில் ஓடுபவருக்கே பரிசு. பெல்ஜியத்தில் ஓடவே மாட்டார்கள், 2010 தேர்தலுக்கு அப்புறம் அரசு அமைக்க 541 நாள் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கதைக்குத் தனி வீடியோ போடலாம், இங்கே வேண்டாம்.

இனி, என்ன கேட்பார்கள்? 1961-இல் வில்லியம் கேம்சன் என்ற அமெரிக்க சமூகவியலாளர் ஒரு கணிப்பு சொன்னார். கூட்டணிக்கு எத்தனை இடம் கொண்டுவருகிறாயோ, அந்த விகிதத்தில்தான் உனக்குப் பங்கு கிடைக்கும் என்று. ஐரோப்பிய அமைச்சரவைகளை எண்ணிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அது சரியாக வருவதையும், சின்னக் கட்சிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைப்பதையும் கண்டார்கள். எண்ணிக்கை சரி, எந்தத் துறை என்பதில்தான் சண்டை. 1998 முதல் 2012 வரை நம் ரயில்வே துறையைப் பாருங்கள்: நிதீஷ், மம்தா, லாலு என்று பெரும்பாலும் கூட்டணிக்காரர்கள் கையிலேயே ஓடியது. 2012 மார்ச்சில் திரிணமூல் அமைச்சர் தினேஷ் திரிவேதி ரயில்வே பட்ஜெட்டில் கட்டணத்தை உயர்த்தினார். பிரதமர் மன்மோகன் சிங் கோபப்படவில்லை. கோபப்பட்டது கொல்கத்தாவில் இருந்த மம்தா. திரிவேதி பதவி விலகினார், அந்த இடத்துக்கு முகுல் ராய் வந்தார். அமைச்சரவை யாருடையது என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

விவரம் தெரிந்தவர்கள் கேட்பது இன்னொரு நாற்காலியை. சபாநாயகர் நாற்காலி.

1998-இல் 12 எம்.பி.க்கள் வைத்திருந்த தெலுங்கு தேசம் வாஜ்பாய் அரசில் ஒரு துறைகூட வாங்கவில்லை. வெளியிலிருந்து ஆதரவு. ஆனால் மக்களவை சபாநாயகராக அந்தக் கட்சியின் ஜி.எம்.சி. பாலயோகி வந்தார். சபாநாயகருக்கு ஊருக்குச் சாலை போட அதிகாரம் இல்லை, வேலை வாங்கித் தரவும் முடியாது. ஆனால் கட்சி மாறியவரின் பதவி போகுமா இருக்குமா என்று முதலில் தீர்மானிப்பவர் அவர். வாக்குகள் சமமாக விழுந்தால் முடிவு செய்யும் ஓட்டும் அவருடையது.

அடுத்த வருடமே அந்த நாற்காலிக்குச் சோதனை வந்தது. அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டது, 1999 ஏப்ரல் 17 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஓட்டில் அரசு போனது. இதுவரை உங்களுக்குத் தெரியும். எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர் காங்கிரஸின் கிரிதர் கமாங். அவர் அந்த பிப்ரவரியிலேயே ஒடிசா முதலமைச்சர் ஆகிவிட்டார், ஆனால் எம்.பி. பதவியை இன்னும் விடவில்லை. ஒரு மாநில முதலமைச்சர் டெல்லிக்கு வந்து மத்திய அரசைக் கவிழ்க்க ஓட்டுப் போடலாமா என்று சபையில் ஒரே களேபரம். பாலயோகி அதை அவருடைய மனசாட்சிக்கே விட்டுவிட்டார். மனசாட்சி 'போடு' என்றது.

கமாங் மட்டும் போடாமல் இருந்திருந்தால்? 269-க்கு 269. முடிவு செய்யும் ஓட்டு பாலயோகியிடம். அவருடைய கட்சி அன்றைக்கு அரசுப் பக்கம். மேலும் ஐந்து நிமிடம் இதையே பேச எனக்கு ஆசைதான், ஆனால் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸும் தன் கட்சிக் கொறடா உத்தரவை மீறி எதிர்த்துத்தான் போட்டார். ஒரு ஓட்டில் தோற்றால் 270 பேருமே அந்த ஒருவர்தான்.

இப்போது இன்றைய வீடியோவின் உச்சம். இருவருக்கும் நாற்காலி வேண்டும், இருவரும் விடமாட்டார்கள். அப்போது பிறக்கும் யோசனை: பாதி நாள் நீ, பாதி நாள் நான்.

இதில் எனக்கு ஒரே ஒரு அறிவுரை உண்டு. முதல் பாதியை வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டணி ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்துக்குப் போய் 'என் முறை வந்துவிட்டது, அவரை எழுப்பிவிடுங்கள்' என்று கேட்க முடியும்?

1997, உத்தரப் பிரதேசம். ஆளுக்கு ஆறு மாதம் என்று பகுஜன் சமாஜும் பாஜகவும் கைகுலுக்கின. முதல் ஆறு மாதம் மாயாவதி. செப்டம்பரில் சொன்னபடி இறங்கினார், கல்யாண் சிங் ஏறினார். அட, நாணயமாக நடந்துவிட்டதே என்று நினைத்தால், அடுத்த மாதமே மாயாவதி ஆதரவை விலக்கிக்கொண்டார். ஆனால் பாஜக சும்மா இருக்கவில்லை. மற்றக் கட்சிகளிலிருந்து உடைந்து வந்தவர்களை வைத்துப் பெரும்பான்மை காட்டியது. வந்தவர்களைக் கவனிக்க வேண்டாமா? அமைச்சர்கள் எண்ணிக்கை 93. தொண்ணூற்று மூன்று! அதைவிட முக்கியம், சபாநாயகர் கேசரிநாத் திரிபாதி பாஜககாரர். பகுஜன் சமாஜிலிருந்து பிரிந்து வந்தவர்களின் பதவியை அவர் பறிக்கவில்லை. மாயாவதி முதல் பாதியை வாங்கினார், சபாநாயகர் நாற்காலியை வாங்கவில்லை. இதுபோன்ற ஜம்போ அமைச்சரவைகள் பெருகிய பிறகு, 2003-இல் அரசியல் சாசனத்தைத் திருத்தி, சபை பலத்தில் 15 சதவீதத்துக்கு மேல் அமைச்சர்கள் கூடாது என்று பூட்டுப் போட்டார்கள்.

2006, கர்நாடகா. இம்முறை ஆளுக்கு 20 மாதம். முதலில் மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் குமாரசாமி. 2007 அக்டோபரில் பாஜகவின் எடியூரப்பா முறை வந்தது, குமாரசாமி எழுந்திருக்கவில்லை. அரசு கவிழ்ந்து, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்து, அப்புறம் சமாதானமாகி, நவம்பரில் எடியூரப்பா பதவியேற்றார். ஏழே நாள். ஆதரவு கிடைக்காமல் ராஜினாமா. ஆனால் ஏமாந்தவர் என்ற அனுதாபம் இருக்கிறதே, அதற்கும் ஒரு சந்தை மதிப்பு உண்டு என்று நான் நினைக்கிறேன். அடுத்த வருடத் தேர்தலில் பாஜக 224-க்கு 110 இடம் பிடித்தது.

இது நம் ஊர் வியாதி என்று சிரிக்க வேண்டாம். இஸ்ரேலில் 2020-இல் நெதன்யாகுவும் பென்னி காண்ட்ஸும் ஒப்பந்தம் போட்டார்கள். முதல் 18 மாதம் நெதன்யாகு, அடுத்து காண்ட்ஸ். வாக்கு மீறக் கூடாதென்று 'மாற்றுப் பிரதமர்' என ஒரு பதவியையே அடிப்படைச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். எங்கும் தப்ப முடியாது! ஒரே ஒரு பொத்தல்: பட்ஜெட் குறித்த நாளில் நிறைவேறாவிட்டால் நாடாளுமன்றம் தானாகக் கலைந்துவிடும். டிசம்பரில் பட்ஜெட் நிறைவேறவில்லை. காண்ட்ஸின் முறை வரவே இல்லை.

அதே இஸ்ரேலில் 1984-இல் இது சுத்தமாக நடந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ஷிமோன் பெரஸ் அணிக்கு 44, இட்சாக் ஷமீரின் லிகுத்துக்கு 41, மொத்தம் 120. பெரஸ் பிரதமர், ஷமீர் வெளியுறவு அமைச்சர். இரண்டு வருடம் கழித்து அப்படியே இடம் மாற்றிக்கொண்டார்கள். அயர்லாந்திலும் 2020-இல் ஒப்பந்தம் போட்ட மீஹால் மார்ட்டின், 2022 டிசம்பரில் லியோ வரத்கரிடம் பிரதமர் பதவியை ஒப்படைத்தார். அங்கே ஏன் நடந்தது? என் கணக்கு இது: வாக்கை மீறினால் தேர்தல், தேர்தல் வந்தால் இருவரையும் விழுங்க சின் ஃபெயின் கட்சி வாசலில் காத்திருந்தது. நாணயம் என்பது பாதி பயம்.

ஜெர்மானியர்கள் வேறு ரகம். பல நேரம் 150 பக்கத்துக்கு மேல்கூட ஒப்பந்தம் எழுதுவார்கள். 2018-இல் சோஷியல் டெமாக்ரட் கட்சி அதைத் தன் உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்கே விட்டு, 66 சதவீத ஒப்புதல் வாங்கியது. அப்படி எழுதி 2021-இல் அமைந்த மூன்று கட்சிக் கூட்டணியும் 2024 நவம்பரில் நிதியமைச்சரை நீக்கியதோடு உடைந்தது.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்று கமெண்டில் கேட்பீர்கள். 2006-இல் திமுகவுக்கு 234-க்கு 96. பெரும்பான்மைக்கு 118. 34 இடம் வைத்திருந்த காங்கிரஸ் ஐந்து வருடமும் வெளியே நின்று ஆதரவு தந்தது, ஓர் அமைச்சர் பதவிகூட இல்லை. 'மைனாரிட்டி திமுக அரசு' என்று ஜெயலலிதா சலிக்காமல் சொன்னார், அரசு விழவில்லை. காரணம், பேரம் மாடி வீட்டில் நடந்தது. கீழே திமுகவுக்குக் காங்கிரஸ் தேவை, மேலே டெல்லியில் காங்கிரஸுக்குத் திமுக எம்.பி.க்கள் தேவை. ஒருவர் கையை உதறினால் இருவருமே விழுவார்கள்.

மது கோடாவை அந்தரத்தில் விட்டுவிட்டோமே. 2008 ஆகஸ்டில் ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா ஆதரவை விலக்கியது, கோடா இறங்கினார், அதன் தலைவர் சிபு சோரன் முதல்வரானார். அவர் அப்போது எம்.எல்.ஏ. இல்லை, ஆறு மாதத்துக்குள் சபைக்குத் தேர்வாக வேண்டும். 2009 ஜனவரியில் தமார் தொகுதி இடைத்தேர்தலில் நின்றார். முதலமைச்சராக இருந்துகொண்டே தோற்றார். மாநிலத்துக்குக் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது.

சரி, நீங்களாக இருந்தால் முதல் பாதியைக் கேட்பீர்களா, சபாநாயகர் நாற்காலியையா? கமெண்டில் சொல்லுங்கள். இரண்டுமே வேண்டும் என்பவர்கள் தனியாகக் கட்சி ஆரம்பிக்கலாம்.